டைல்ஸ் கடை ஸ்டேஜ்

ஜூன் 8, சனி

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஐந்தாறு ஆட்டோக்காரர்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். கொரட்டூருக்கு ஒருவர் எழுநூறு கேட்டார், இன்னொருவர் அறுநூற்றைம்பது. அப்பா தன் கிழிந்த குரலில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "எத்தன ஸ்டேஜ்?"

யாருக்கும் புரியவில்லை. ஒருவன் சிரித்தான்.

முப்பத்தொரு வருடம் கோவில்பட்டியில் அரசு டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர் அப்பா. ஸ்டேஜ் என்றால் கட்டணம் மாறும் இடம். எந்த ஸ்டேஜிலிருந்து எந்த ஸ்டேஜுக்கு எவ்வளவு என்று அச்சடித்த அட்டை அவர் தோள்பையில் எப்போதும் இருக்கும். தாசில்தார் ஏறினாலும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள் ஏறினாலும் அதே அட்டைதான்.

நான் ஆப்பில் பார்த்தேன். ஐந்து மணிக்கு 540. கால் மணி நேரம் கழித்து 610. இன்னொரு ஆப்பில் 480 காட்டியது, ஆனால் வண்டி வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு முதல் ஆப்பில் 455 ஆனது. ஏறினோம்.

"அதே ரோடுதான?" என்றார் அப்பா.

"அதே ரோடுதாம்ப்பா."

"பெறகு யாரு மாத்துறா?"

எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் ஆறேழு வாரம் இருக்க வேண்டும், தெரிந்துகொள்வேன்.

ஜூன் 10, திங்கள்

முதல் கரண்ட். கதிர்வீச்சு என்று இங்கே யாரும் சொல்வதில்லை. காவலாளி முதல் நர்ஸ் வரை எல்லோருக்கும் அது கரண்ட்தான். அப்பாவின் தொண்டைக்கு முப்பத்து மூன்று. சனி, ஞாயிறு விடுமுறை. மற்றபடி ஒரு நாள்கூட விடக்கூடாது, இடைவெளி விழுந்தால் உள்ளே இருப்பது மறுபடி வளர ஆரம்பித்துவிடும் என்றார் டாக்டர்.

எடை 53. நாற்பத்தாறுக்குக் கீழே போனால் கரண்டை நிறுத்திவிட்டு மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்றார். "சாப்பிட வைங்க. அலைய விடாதீங்க."

அலைவதற்கு என்ன இருக்கிறது? வண்டியில்தானே போகிறோம்.

இன்று மட்டும் பஸ்ஸில் போனோம். அப்பாவின் பிடிவாதம். உட்கார இடம் கிடைத்ததும் யாரோ ஒரு கர்ப்பிணிக்கு எழுந்து கொடுத்துவிட்டு, கம்பியில் சாய்ந்தபடி கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பும்போது பிதுங்கும் கூட்டம். இறங்கியவுடன் வாந்தி எடுத்தார். கூட்டத்தில் போகக்கூடாது, தொற்று வரும் என்று நர்ஸ் ஏற்கனவே எச்சரித்திருந்தார். இனி பஸ் கிடையாது.

காப்பீடு கரண்டுக்கு உண்டு. கரண்ட் வைக்கும் மெஷின் வரை போய்ச் சேர்வதற்குக் கிடையாது. கையில் இருப்பதை ஆறேழு வாரத்துக்கு இழுக்க வேண்டும். ஆஸ்பத்திரியை ஒட்டி ரூம் எடுத்திருந்தால் வண்டியே வேண்டாம். ஆனால் அந்தத் தெருவில் ஒரு நாள் வாடகைக்கு இங்கே நான்கு நாள் இருக்கலாம். நோயாளிக்கு வேறு வழியில்லை என்று தெரிந்தவன்தான் அந்தத் தெருவில் வீடு கட்டியிருக்கிறான்.

ஜூன் 12, புதன்

மூன்று நாளில் கற்றது.

காலை எட்டரைக்குக் கட்டணம் உச்சத்தில் இருக்கிறது. ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் கால்வாசி குறைகிறது. எங்கள் முறை ஒன்பதரைக்குத்தான் என்றாலும் முன்கூட்டியே போய் அங்கே உட்கார்ந்துகொள்ளலாம். தூறல் விழுந்தால் ஐந்து நிமிடத்தில் ஏறும், விட்டபின் இறங்க அரை மணி நேரமாகும். வண்டி வராவிட்டால் 'இன்னும் இருபது சேர்க்கிறீர்களா' என்று கேட்கிறது. மரியாதையாகக் கேட்கப்படும் ஏலம். தொண்டையில் கட்டி இருப்பவரும் விமானம் பிடிக்க ஓடுபவரும் ஒரே ஏலத்தில் கை தூக்க வேண்டும்.

வண்டி கிடைத்ததும் டிரைவர் போன் செய்வார். "டிராப் எங்க? கேஷா, ஆன்லைனா?" ஆன்லைன் என்றால் பாதிப் பேர் கேன்சல் செய்துவிடுவார்கள். நாலு முறை 'ஹலோ' சொல்லும்வரை பதில் இல்லையென்றாலும் கேன்சல்.

பேச்சியம்மாள் என்ற என் பெயரைப் பார்த்து ஒருவன், "பாட்டிம்மாவா?" என்றான். ஆப்பில் பிரியா என்று மாற்றினேன். அப்பா ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஒங்கொப்பன் வச்ச பேருக்கு ரேட்டு கூடவா தாயி?"

"பிரியான்னா சீக்கிரம் வாரானுவப்பா."

"அப்ப என் பேரையும் மாத்திரு. குருசாமின்னா எவன் வருவான்?"

சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஜூன் 13, வியாழன்

இன்று வந்த டிரைவர் தீர்த்தகிரி. ஐம்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, நான் காசு எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆப்புல கேட்டாண்ட பின்னு வெச்சா சுத்தல்மா. ஆஸ்பத்திரி அந்தாண்ட சைடு. வண்டி பிரிட்ஜ் ஏறிப் போய், யூ டர்ன் அடிச்சு, திரும்பி வரணும். போக ஒன்றரை, வர ஒன்றரை, மூணு கிலோமீட்டரு தண்டம்."

"வேற என்ன செய்ய?"

"பிரிட்ஜுக்கு முன்னாடி டைல்ஸ் கடை கீதுல்ல, அங்க எறங்கிக்கோ. சிக்னல்ல ரோட்ட தாண்டி, சர்வீஸ் ரோட்ல நடந்துடு. நாப்பத்தஞ்சு அம்பது ரூபா மிச்சம்." அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "பெருசு நடப்பாரா?"

அப்பா முந்திக்கொண்டார். "நடக்கிறதா? பஸ்ஸுக்குள்ளயே ஒரு நாளைக்கு எட்டு மைல் நடந்தவன் நான்."

திரும்பும்போது கவலையில்லை. ஆஸ்பத்திரி நம் போக்கிலேயே இருக்கிறது, வாசலிலேயே ஏறலாம். போவதில்தான் இந்தக் கொள்ளை. எதிரே கண்ணுக்குத் தெரிகிற வாசலுக்கு மூன்று கிலோமீட்டர் சுற்ற வைத்து ஒருவன் சாலை போட்டிருக்கிறான். அவன் ஒருநாளும் ஆட்டோவில் வந்திருக்க மாட்டான்.

ஜூன் 14, வெள்ளி

டைல்ஸ் கடை. 168-க்குப் பதில் 121.

அப்பா சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்தார். ஊரிலிருந்து கொண்டுவந்திருப்பது எனக்கே தெரியாது. இறங்கியதும் இரண்டு விசில்: போகலாம். இளநீர் வண்டி அருகில் ஒரு விசில்: நில். "ஸ்டேஜ்" என்றார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி இரண்டு. ஏடிஎம் அருகில் ஒன்று. அப்புறம் வாசல்.

"மூணே ஸ்டேஜ். பாயிண்ட் டு பாயிண்ட்" என்றார்.

ஆறு நிமிடம். அறுநூற்று நாற்பது அடி. எண்ணினேன்.

ஜூன் 18, செவ்வாய்

காத்திருக்கும் கூடத்தில் எனக்கு ஆப்பு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர், இங்கே ஆப்பு டீச்சர். செய்யாறு ராஜகுமாரி அக்கா போனை நீட்டினார். அவர் கணவருக்கு நாக்கில். "எப்பவும் வாசலுக்குத்தான் போடுவேன் டீச்சர். வேற எங்க போடறதுன்னு யாரு சொன்னாங்க?" பின்னை விரலால் இழுத்து டைல்ஸ் கடைமேல் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர்.

தீர்த்தகிரியைத் தவிர இந்த ஊரில் ஒருவர்கூட எங்களுக்கு இப்படிச் சொல்லவில்லை. தெரியாதவனிடம் பிடுங்குவதில்தான் எல்லாம் ஓடுகிறது. தெரிந்தவள் சொல்லிக்கொடுத்தால் ஓடாது.

அப்பா மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பரிசு வாங்கிய வருடம் பள்ளி ஆண்டுவிழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அதே முகம்.

ஜூன் 20, வியாழன்

அப்பா இன்று என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

தீர்த்தகிரி வண்டிதான் கிடைத்தது. அப்பா ஏறி உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று நான் ரூமுக்குள் திரும்பினேன். ஏறி உட்கார்ந்தால் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவது அவர் கைக்குப் பழக்கம். தட்டினார். தீர்த்தகிரி வண்டியை எடுத்துவிட்டார். நான் பாட்டிலோடு தெருமுனை வரை ஓடினேன். அப்பாவுக்கு போன் செய்தால் எடுக்கிறார், காற்றுச் சத்தம்தான் வருகிறது, பேச்சு வரவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது, அங்கேதான் பிடித்தேன்.

"தட்னாரு, எடுத்துட்டேன்" என்றார் தீர்த்தகிரி. "நான் முன்ன வேன் ஓட்னவன்மா. ரெண்டு தட்டு தட்னா காலு தானா கிளட்ச்சு மிதிக்கும்."

அப்பா வெட்கத்தோடு சிரித்தார். பிறகு ஆஸ்பத்திரி வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். தீர்த்தகிரி பேசினார், அப்பா தலையாட்டினார். இறங்கும்போது தீர்த்தகிரி தன் நம்பரைக் கொடுத்தார். "ஆப்பு காட்ற ரேட்டையே நேரா குடு. எனுக்கு கமிஷன் மிச்சம், உனுக்கு கேன்சல் தொல்லை இல்ல."

ஜூன் 24, திங்கள்

பதினொன்றாவது கரண்ட். குரல் முழுதாகப் போய்விட்டது. எதிர்பார்த்ததுதான், பிறகு கொஞ்சம் திரும்பலாம் என்கிறார்கள். கழுத்துத் தோல் கருத்து வெடித்திருக்கிறது. பாக்கெட் நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். டிக்கெட்டில் எழுதுவதுபோல் பொடி எழுத்தில் எழுதுகிறார்.

விசிலும் இல்லை. ஊதினால் எரிகிறதாம். என் முழங்கையில் தட்டுகிறார். ஒன்று: நில். இரண்டு: போ.

ஸ்டேஜ் ஐந்தாகிவிட்டது. டிரான்ஸ்பார்மரும் பஞ்சர் கடையும் புதிது. "என்னப்பா, கவர்மென்ட்டு மாதிரி நடுவுல நடுவுல ஸ்டேஜ் போட்டா டிக்கெட் ஏறிராதா?" என்றேன். நோட்டில் எழுதினார்: 'கூட்டம் ஜாஸ்தி. பப்ளிக் டிமாண்ட்.'

சிரித்துக்கொண்டே நடந்தோம். பன்னிரண்டு நிமிடம்.

ஜூன் 26, புதன்

மழை. வாசல் வரைக்கும் 240, டைல்ஸ் கடைக்கு 170. குடை பிடித்து நடந்தோம்.

ஜூன் 28, வெள்ளி

எடை 47.6. நர்ஸ் முகத்தைச் சுளித்தார். கஞ்சி, முட்டை, பால்பவுடர் எல்லாம் கொடுக்கிறேன். விழுங்குவது கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கிறது என்று எழுதிக் காட்டுகிறார். ஊட்டுகிற என்னைத்தான் நர்ஸ் திட்டுகிறார். எங்கே போகிறது இந்த எடையெல்லாம்?

ஸ்டேஜ் ஏழு. பத்தொன்பது நிமிடம். சிக்னல் வேறு இன்று மெதுவாக விழுந்தது.

எங்களுக்கு முன்னே ராஜகுமாரி அக்காவும் கணவரும். அவர்களுக்கு முன்னே கழுத்தில் துண்டு சுற்றிய ஒருவர். பின்னால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண். எல்லோரும் டைல்ஸ் கடையில் இறங்கியவர்கள். சர்வீஸ் ரோடு முழுக்க என் மாணவர்கள்.

ஜூன் 30, ஞாயிறு

பள்ளிக்கூடத்திலிருந்து கரெஸ்பாண்டன்ட் கூப்பிட்டார். மூன்று நாளாவது வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவாராம். "நோய் எல்லா வீட்லயும்தான் இருக்கும்மா" என்றார். அவர் வீட்டில் ஒருவருக்குத் தலைவலி வந்தால் பள்ளிக்கூட வேனிலேயே மதுரைக்குப் போவார்கள். அம்மா வரலாம் என்றால் கடலைமிட்டாய் கம்பெனியில் அவளுக்கும் இதே பேச்சு. அதுவும் போனால் மாதம் ஓடாது.

மூன்று நாள்தான். தீர்த்தகிரி வருவார். தினமும் காலையில் நான் ஆப்பில் டைல்ஸ் கடைக்கு ரேட் பார்த்துப் படம் அனுப்புவேன், அதை அப்பா கொடுத்துவிடுவார். இறக்கியதும் தீர்த்தகிரி எனக்குச் செய்தி போட வேண்டும். உள்ளே போய்ச் சேர்ந்ததும் அப்பா போட வேண்டும்.

அப்பா நோட்டில் எழுதினார்: 'டூட்டிய விட்றாத. நான் சமாளிப்பேன்.'

ஜூலை 1, திங்கள். கோவில்பட்டி

தீர்த்தகிரி: 'எறக்கியாச்சு' 8.20.
அப்பா: 'கேட்' 8.51.

ஜூலை 2, செவ்வாய்

தீர்த்தகிரி 8.16. அப்பா 8.58.

டீ குடித்திருப்பார். இல்லை, டீ குடிக்க முடியாது. வேடிக்கை பார்த்திருப்பார். எதற்கும் இளநீர் வண்டியில் உட்கார வைக்கச் சொல்லி நாளைக்குச் சொல்ல வேண்டும்.

பதினொரு மணிக்குத் தீர்த்தகிரி போன் செய்தார். "இன்னாமா, கண்டக்டர் விசயமா ஒண்ணு…" அதற்குள் கரெஸ்பாண்டன்ட் வராந்தாவில் வந்தார். வகுப்பு நேரத்தில் போன் பிடித்தால் நூறு ரூபாய் அபராதம். வைத்துவிட்டேன். சாயங்காலம் பேசலாம் என்று இருந்தேன். பேசவில்லை.

ஜூலை 3, புதன்

8.17. 9.14.

இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

நேற்று வந்து சேர்ந்து பத்தொன்பதாவது கரண்டுக்குக் கூட்டிப் போனேன். ஸ்டேஜ் ஒன்பது.

இன்று எடை 45.2. முழங்கையில் புதுச் சிராய்ப்பு. கேட்டதற்கு 'கதவு' என்று எழுதினார்.

டாக்டர் கோப்பை மூடினார். "கரண்ட் ஸ்டாப். அட்மிட் பண்ணி ட்யூப் போட்டுடலாம். ஏறினாத்தான் மறுபடி." எத்தனை நாள் என்று கேட்டேன். நாலைந்து நாள் என்றார். விட்டதற்கு மேலும் இரண்டு கரண்ட் சேர்ப்பார்களாம். சேர்த்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். அவர், "தினமும் எப்படி வர்றீங்க?" என்று கேட்டார்.

ஆட்டோவில் என்றேன்.

ஜூலை 6, சனி

வார்டு. மூக்கில் குழாய். அப்பா தூங்கும்போது மருந்துச் சீட்டைத் தேடி அவர் நோட்டைப் புரட்டினேன். அவர் எழுதியது மட்டும்தான் அதில் இருக்கிறது. எதிரே இருந்த தீர்த்தகிரி பேசியது இல்லை. வரிசையாக அப்படியே எழுதிவைக்கிறேன்.

'லீவு கிடைக்கல. மக மூணு நாள் ஊருக்குப் போயிருக்கா.'

'டீச்சர். கம்ப்யூட்டர்.'

'வேண்டாம். இங்கயே நிறுத்துங்க.'

'பேசுன காசு டைல்ஸ் கடை வரைக்கும். அதுக்கு மேல வந்தா வித்தவுட் டிக்கெட்.'

'நீங்க சும்மா விட்டாலும் வித்தவுட் வித்தவுட்தான். முப்பத்தொரு வருசம் அடுத்தவன எறக்கி விட்ருக்கேன்.'

'நடந்துருவேன். ஒவ்வொரு ஸ்டேஜா உக்காந்து போவேன்.'

'ஆமா, தல சுத்தும். அதுக்குத்தான் ஸ்டேஜ்.'

'அவளுக்கு தெரியாது. வெளையாட்டுன்னு நெனக்கா.'

அடுத்த பக்கம்.

'நேத்து விழல. சாஞ்சேன்.'

'போன்ல சொல்லாதீங்க. சொன்னா இனிமே ஒங்க வண்டில ஏற மாட்டேன்.'

'நீங்க காட்டுன வழிதான், ஆனா இப்ப அவ வழி. அத்தன பேருக்குச் சொல்லிக் குடுக்கா. அது கெட்டுறக் கூடாது.'

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். மருந்துச் சீட்டு என் பையிலேயே இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 8, திங்கள்

ராஜகுமாரி அக்காவைக் கூடத்தில் பார்த்தேன். இனி டைல்ஸ் கடையில் இறங்க வேண்டாம், வாசலுக்கே போடுங்கள் என்றேன்.

"ஏன் டீச்சர், அங்கயும் ரேட்ட ஏத்திட்டாங்களா?"

"ஆமாக்கா. ஏத்திட்டாங்க."

"எத்தினி?"

மற்ற நாலு பேரையும் தேடினேன். இரண்டு பேர் கிடைத்தார்கள். கழுத்தில் துண்டு சுற்றியவர் போன வாரத்திலிருந்து வருவதில்லையாம்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் தனியாக டைல்ஸ் கடை வரை போய், அங்கிருந்து வாசலுக்கு நடந்தேன். அப்பாவின் ஒன்பது ஸ்டேஜிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் உட்கார இடமே இல்லை, சாய்ந்து நிற்கத்தான் முடியும். இளநீர்க்காரர் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஏடிஎம் வாசல் திண்டில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி வரிசையாகக் கம்பி முளைக்க வைத்திருக்கிறார்கள். யாருக்காக? இந்தத் தெருவில் ஏடிஎம் வாசலில் உட்காருகிறவர் யார், ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைத் தவிர?

சாலை போட்டவன், கம்பி நட்டவன், ஆப் எழுதியவன், கரெஸ்பாண்டன்ட் என்று எல்லோரையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே நடந்தேன். பஞ்சர் கடை வரை திட்டுவதற்கு ஆள் இருந்தார்கள். அதற்கப்புறம் இன்னும் மூன்று ஸ்டேஜ் மீதி இருந்தது.

பஞ்சர் கடைப் பையன்கள் கேட்டார்கள்: "கண்டக்டர் வரலியாக்கா? அன்னிக்கு விழுந்தாரே, கையில அடி பலமா?"

ஜூலை 11, வியாழன்

எடை 46.8. மீண்டும் கரண்ட். நேற்றே ரூமுக்கு அனுப்பிவிட்டார்கள், மூக்குக் குழாயோடு.

காலையில் ஆப்பைத் திறந்து பின்னை வாசலில் வைத்தேன். 172. அந்தத் திரையைப் படம் எடுத்துத் தீர்த்தகிரிக்கு அனுப்பினேன். அவர் 'சரி' என்று மட்டும் போட்டார்.

அப்பா வண்டியில் ஏறியதும் போனுக்காகக் கை நீட்டினார். ரேட் பார்க்காமல் அவர் எந்த வண்டியிலும் இதுவரை உட்கார்ந்ததில்லை. கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். இடத்தின் பெயரை ஒரு தரம், காசை ஒரு தரம். பிறகு நோட்டை எடுத்தார்.

'ஏன் கூட?'

இரவு யோசித்து வைத்திருந்தேன்.

"டைல்ஸ் கடை ஸ்டேஜை எடுத்துட்டானுவப்பா. இனிமே இது எக்ஸ்பிரஸ். நடுவுல எங்கயும் நிக்காது."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம், நெரிசலில், டிக்கெட் எடுத்தவன் யார் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர் அவர். நான் வெளியே திரும்பிக்கொண்டேன். தீர்த்தகிரி கண்ணாடியில் பார்ப்பது தெரிந்தது.

"ஆமா கண்டக்டரே" என்றார் அவர். "போன வாரத்துலேந்துதான். நானே எதிர்பாக்கல."

அப்பா நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

பாடி ஏரியா தாண்டி, பைபாஸ் ஏறி, எங்கும் நிற்காமல் போனோம். டைல்ஸ் கடை தெரிந்தது. அதன் போர்டு, வெளியே அடுக்கிய அட்டைப்பெட்டிகள். இரண்டு வாரப் பழக்கத்தில் தீர்த்தகிரியின் கால் பிரேக்கில் விழுந்து வண்டி லேசாகத் தயங்கியது. அப்பாவின் கை கம்பிக்குப் போனது. எலும்பும் ஊசி குத்திய நீலமும் மட்டும் மிச்சமிருக்கும் கை. ஒரு தட்டு தட்டினால் இறங்கித்தான் ஆக வேண்டும். அவரை யாராலும் உட்கார வைக்க முடியாது.

கை அங்கேயே நின்றது. கடை வாசலில் வேறு ஓர் ஆட்டோ நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய கிழவர் ஒருவர் ரோட்டைத் தாண்டச் சிக்னலைப் பார்த்து நின்றார். அவர் பக்கத்தில் அவர் மகளோ மருமகளோ, கையில் போன். எனக்கு அவளைத் தெரியாது. யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு தட்டு.